ஒரு தரம், ரெண்டு தரம்

“செத்ததைப் படிக்கிறவங்க நீங்கதானா மேடம்?”

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக இப்படியொரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பால் வேறு இருக்கிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் ஒரு மருந்துக்கடைக் கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பென் டிரைவ் மட்டும் இருந்தது. சரி, உட்காருங்கள் என்றேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

பெயர் லூர்துராஜ். திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார், பொத்தானை மட்டும் ஒன்று மாற்றி மாட்டியிருந்தார். கவனித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று அதைப் பார்த்தே தெரிந்தது.

அவர் சொன்னது தப்பில்லை, என் தொழில் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பொத்தென்று விழுந்து செத்தால், சாகிற நொடியில் தன் வயிற்றிலிருப்பதை எல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். கோர் டம்ப் என்பார்கள். அதை டீபக்கர் என்ற கருவியில் போட்டு, கடைசி நொடியில் உள்ளே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்துச் சொல்வேன். வங்கிக் கணினி வரும், மின்வாரியத்துக் கணினி வரும். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

“இதுல என் வீட்டுக்காரி இருக்கா மேடம்,” என்றார் லூர்துராஜ்.

அவர் மனைவி செலின், ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் வேலை பார்த்தவர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, கண்ணிமையைக்கூட அசைக்க முடியாதபடி உடம்பு முழுவதும் அடங்கிப்போயிற்று. ஆனால் உள்ளே ஆள் முழுசாக இருந்தார். எல்லாம் காதில் விழும், எல்லாம் புரியும், ஒன்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பேச்சு வார்டு திறந்தார்கள். தலைக்குள் நகமளவு ஒரு தகடு. நினைப்பதை அது இயந்திரத்துக்கு அனுப்பும், இயந்திரம் அதைக் குரலாக்கிப் படுக்கை பக்கத்து ஸ்பீக்கரில் பேசும். ஆறு படுக்கை, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே புரோகிராம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும் என்று அப்படிச் செய்தார்கள்.

“முத நாளு ஸ்பீக்கர்ல என்ன சொன்னா தெரியுமா மேடம்? ‘கேஸை அணைச்சீங்களா’ன்னு கேட்டா. எட்டு மாசமா அதையே நெனச்சுக்கிட்டு படுத்திருக்கா.” சிரித்தார். சிரித்த வாக்கிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம் புரோகிராம் விழுந்தது. ஆறு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் அடங்கின. வார்டு இன்ஜினீயர் டம்ப்பைப் படித்துவிட்டு, ஒன்றாம் படுக்கையின் மூளையிலிருந்து வந்த ஏதோ சமிக்ஞையைத் தாங்காமல்தான் விழுந்தது என்றார். ஒன்றாம் படுக்கையின் இணைப்பை எடுத்தால்தான் மற்ற ஐந்து பேரும் பேச முடியும். லூர்துராஜைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார்கள்.

“அஞ்சு குடும்பமும் என்னையே பாத்துக்கிட்டு நிக்குது மேடம். நான் என்ன பண்ணுவேன்? கையெழுத்துப் போட்டுட்டேன். அவ கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சுதான் பேசினாங்க. எல்லாம் அவ காதுல விழுந்திருக்கும். புருஷன் சரின்னு சொன்னதும் விழுந்திருக்கும்.”

காப்பி போட்டுத் தருகிறேன் என்று சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. பயன்படாமல் கிடந்தால் தகட்டைச் சுற்றி மூளை பழகிய வழியெல்லாம் தூர்ந்துவிடும். ஆறு மாதம் தாண்டினால் திரும்ப இணைத்துப் பிரயோசனமில்லை என்று மருத்துவர்களே சொல்லியிருந்தார்கள். இன்னொருவரிடம் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லும் உரிமை குடும்பத்தாருக்கு உண்டு என்று யாரோ சொல்லி, அலையாய் அலைந்து அந்த டம்ப்பை வாங்கி வந்திருக்கிறார்.

“அவளாலதான் விழுந்துச்சுன்னா சரி, விதி. ஆனா ஒருதடவை நல்லாப் பாத்துச் சொல்லிடுங்க மேடம். எதை வெச்சு அவளை ஊமையாக்கினேன்னு எனக்குத் தெரியணும்.”

அவர் எதிரிலேயே டீபக்கரில் போட்டேன். புரோகிராமுக்குள் ஆறு பேருக்கும் தனித்தனியாக ஓடும் ஆறு இழை, த்ரெட் என்பார்கள். ஒவ்வொரு இழையும் விழும் நொடியில் எந்த வேலையில் இருந்தது, அந்த வேலையை ஏவியது எது, அதை ஏவியது எது என்று பின்னோக்கி வரிசையாகக் காட்ட வேண்டும். எனக்குக் காட்டியதெல்லாம் கேள்விக்குறி. ஒன்றாம் இழை விழுந்தது என்பது தெரிந்தது. மற்றபடி மேலிருந்து கீழ்வரை ஒரு பெயர் கிடையாது.

“என்ன மேடம், ஒரே கேள்விக்குறியா இருக்கு?”

“செத்தப்போ இருந்த அதே புரோகிராமைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் இதைப் படிக்கணும்ணே. இல்லேன்னா இதுக்கு யாரு பேரும் தெரியாது. பேரே தெரியாம அந்த மனுஷன் உங்க சம்சாரம்னு எப்படிச் சொன்னான்?”

மறுநாள் அந்த வார்டு இன்ஜினீயரைப் பார்க்கப் போனேன். ரகுநந்தன். முப்பது வயதுக்குள் இருக்கும், மரியாதையான பிள்ளை. எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தான். திட்ட வேண்டும் என்று போனவளுக்கு அதுவே பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

“கேள்விக்குறியை வெச்சுக்கிட்டு எப்படிப்பா முடிவு பண்ணின?”

“பேரு வரலை மேடம். ஆனா நம்பர் இருக்கே. தினமும் புரோகிராம் ஓடறப்போ நான் பாக்கறதுதான். இழை ஒண்ணு, பெட் ஒண்ணு. இழை ரெண்டு, பெட் ரெண்டு. ஒரு நாளும் மாறினதில்லை. டம்ப்புல ஒண்ணு விழுந்திருந்துது. அதான்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ஓடறப்போ சரிப்பா. செத்ததுக்கப்புறம்?”

அவனுக்குப் புரியவில்லை. கூடவே வந்திருந்த லூர்துராஜ் பக்கம் திரும்பினேன். “அண்ணே, ரயிலு தடம் புரண்டா உங்காளுங்க ரிப்போர்ட்ல எந்தப் பெட்டியை முதல்ல எழுதுவாங்க?”

“கவுந்த பெட்டியைத்தான்.”

“இன்ஜின்லேர்ந்து எண்ணிக்கிட்டு வரமாட்டாங்களா?”

“அதெப்படி? எட்டாவது பெட்டி கவுந்தா அதைத்தான மொதல்ல...” பாதியில் நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரகுநந்தனைப் பார்த்தார்.

“டம்ப்புலயும் அப்படித்தான்,” என்றேன். “விழுந்த இழை எதுவா இருந்தாலும் அதைத்தான் முதல்ல எழுதி வெக்கும். டீபக்கர் வரிசையா நம்பர் போடும். செத்த கோப்புல ஒண்ணாம் நம்பர்னா விழுந்தவர்னு அர்த்தம். ஒண்ணாம் படுக்கைன்னு அர்த்தம் இல்லை.”

ரகுநந்தனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் விடவில்லை, பாவம், அவனுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்தானே. “ஆனா மேடம், அவங்களைக் கட் பண்ணினதுக்கப்புறம் ஒரு தடவைகூட விழலையே! வேற யாராவதா இருந்தா இத்தனை நாள்ல மறுபடி விழுந்திருக்கணுமே?”

நியாயமான கேள்வி. “முதல்ல பழைய புரோகிராமைக் குடு,” என்றேன்.

புதுப் பதிப்பு போட்டபோது பழையதை அழித்துவிட்டார்கள். சேமிப்புப் பிரதி ஒன்று எங்கோ ஒரு வட்டில் இருக்க வேண்டும் என்றான். தேடி எடுக்க நாலு நாள் ஆயிற்று. லூர்துராஜ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். நான் போன் பண்ணும்போதெல்லாம், “நான் இங்கதான் மேடம் இருக்கேன்,” என்பார். எங்கே போவார்?

வட்டு கிடைத்தது. பழைய புரோகிராமைப் பக்கத்தில் வைத்து டம்ப்பைத் திறந்ததும் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாகப் பெயர்களாக மாறின. விழுந்த இழையின் உச்சியில், கடைசி நொடியில் ஓடிய வேலையாக நின்றது சிரிப்பைக் குரலாக்கும் வேலை. அடுத்த வரியில் படுக்கை எண் எழுதியிருந்தது. நான்கு.

லூர்துராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். “அவ இல்ல,” என்றார். “ஏம்மா, அவ இல்லதானே?”

“இல்லண்ணே. அவங்க இழை அந்த நேரத்துல சும்மா பேசிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு தப்பும் இல்லை.”

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ரகுநந்தன் மெதுவாக, “அப்போ பெட் நாலைக் கட் பண்ணணும்...” என்று ஆரம்பித்தான்.

“வெட்டறதைத் தவிர உனக்கு வேற ஒண்ணும் தெரியாதாய்யா?” கத்தியே விட்டேன். நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். தள்ளி உக்காரு.”

நான்காம் படுக்கையில் இருந்தவர் வடமலை. காந்தி மார்க்கெட் காய்கறி மண்டியில் முப்பது வருஷம் ஏலம் விட்டவர். அவர் குரலுக்குத் தக்காளிக் கூடை எல்லாம் நடுங்கும் என்பார்களாம். இப்போது சில மாதமாக ஆமாம், இல்லை என்பதற்கு மேல் பேசுவதில்லை, நோய் முற்றிவிட்டது என்று குறிப்பெழுதியிருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயா, என் பேரு பரிமளா. அன்னைக்கு மெஷின் விழுந்ததே, அதைப் பத்திப் பேச வந்திருக்கேன். உங்க லைனை யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் ஜவாப்தாரி. அந்த நேரத்துல நீங்க சிரிச்சீங்களா?”

எழுந்துவிடலாமா என்று நினைத்தபோது ஸ்பீக்கரில் குரல் வந்தது. இயந்திரக் குரல்தான். ஆனாலும் உடைந்திருந்தது.

“அஞ்சு மாசமாச்சு தாயி. இப்பதான் ஒருத்தி வந்து கேக்கிற.”

அவர் சொன்னது இது. மத்தியானம் டியூப் வழியாகக் கஞ்சி ஊற்றும் நேரத்தில், அவரும் செலினும் தினம் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். டியூப் சாப்பாட்டை வடமலை ஏலம் விடுவார். “நம்பர் ஒண்ணு ஆஸ்பத்திரிக் கஞ்சி, உப்பு இல்லை, உறைப்பு இல்லை, யாரு கேக்குறீங்க! ஒரு தரம், ரெண்டு தரம்...” மூன்றாம் தரம் சொல்வதற்குள் செலின் விலை சொல்ல வேண்டும். அன்றைக்குச் செலின், “என் இடது காலைத் தரேன் மண்டிக்காரரே. சும்மாதான் கெடக்குது,” என்றாராம்.

“அப்படியொரு சிரிப்பு தாயி. ஒடம்பு விழுந்ததுக்கப்புறம் நான் அப்படிச் சிரிச்சதில்ல. சிரிக்கச் சிரிக்க உள்ளாற என்னமோ பட்டுன்னு அறுந்துச்சு. மறு நிமிஷம் எல்லாரும் கப்சிப். என்னாலதான்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“மெஷின் திரும்பி வந்தப்போ டிக்கெட்டம்மாவை எடுத்துட்டாங்க. நான் வாயைத் தொறந்தா என்னை எடுப்பாங்க. பயந்துட்டேன். இந்த இருட்டுக்குள்ள பேச்சு இல்லாம எட்டு மாசம் கெடந்தவன் நான். இன்னொரு தடவை முடியாது தாயி. அதுக்கப்புறம் சிரிக்க எனக்கு என்ன இருக்கு?”

ரகுநந்தன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். அவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். மறுபடி ஏன் விழவில்லை? சிரிக்க வைத்தவளைத்தான் எடுத்துவிட்டார்களே. அந்த ஆள் துக்கத்தில் வாயை மூடிக்கொண்டார். அவர் மூடியதை இவர்கள் தங்கள் முடிவு சரி என்பதற்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். செத்த கோப்பை அத்தனை கூர்ந்து படித்தவர்கள், அதே அறையில் உயிரோடு இருந்த ஆறு பேரில் ஒருவரைக்கூட, “என்னங்க ஆச்சு?” என்று கேட்கவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ரகுநந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற லூர்துராஜ் என்ன செய்வாரோ என்று பயந்தேன். அவர் குனிந்து வடமலையின் போர்வையைச் சரி செய்தார்.

“விடுங்க ஐயா. நானே கையெழுத்துப் போட்டவன்.”

பழுதைச் சரி செய்ய எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு மனிதன் இவ்வளவுதான் சிரிப்பான் என்று யாரோ ஓர் அளவு வைத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். வடமலையின் சிரிப்பு அதைத் தாண்டிவிட்டது. இரண்டு வரி மாற்றினேன். அன்றே ஒருவன் செய்திருக்க வேண்டிய இரண்டு வரி. மருத்துவர்கள் கூடிப் பேசி, செலினை மறுபடி இணைக்க வெள்ளிக்கிழமை காலை நேரம் குறித்தார்கள்.

வெள்ளிக்கிழமை லூர்துராஜ் புதுச் சட்டையில் வந்தார். பொத்தான்களை எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். செலினின் தலையை வாரி, இரண்டு கனகாம்பரம் வைத்துவிட்டார். இணைத்தார்கள். ஸ்பீக்கரில் சின்னதாக ஒரு கொர கொர சத்தம் வந்து நின்றது.

“செலின்,” என்றார். “செலின், நான்தான். உன்னால இல்லையாம். கேட்டியா? உன்னால இல்லவே இல்லையாம்.”

ஸ்பீக்கர் பேசவில்லை.

கால் மணி போயிற்று. மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நான்காம் படுக்கையிலிருந்து ஒரு குரல் எழும்பியது. வடமலை அப்படியொரு குரலில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

“நம்பர் ஒண்ணு ஆஸ்பத்திரிக் கஞ்சி! உப்பு இல்லை, உறைப்பு இல்லை! டிக்கெட்டம்மா, யாரு கேக்குறீங்க! ஒரு தரம்...”

வார்டே ஒன்றாம் படுக்கையைப் பார்த்தது.

“ரெண்டு தரம்...”

ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தரத்தை வடமலை சொல்லவில்லை. காத்திருந்தார். பிறகு அவர் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. எத்தனை பெரிதாக வந்தும் புரோகிராம் விழவில்லை.

லூர்துராஜ் என்னிடம் வந்தார். “மேடம், அந்த டீபக்கர்ல பாருங்களேன். இப்ப ஓடுறதுதானே, இதுல ஒண்ணாம் நம்பர் அவதானே? உள்ள என்ன பண்றான்னு பாத்துச் சொல்லுங்க.”

அந்தத் தகடு ஒன்றைத் தவிர, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அறிய வேறு வழி யாருக்கும் இல்லை. திறந்தேன். ஒன்றாம் இழை. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, எல்லாப் பெயரும் சுத்தமாக வந்தது. உச்சி வரி, தகட்டிலிருந்து சமிக்ஞை வரக் காத்திருக்கும் வேலை. அதற்குக் கீழே நான்கு வரிகள்.

ஒரு சந்தேகத்தில் ஆறாம் இழையையும் திறந்தேன். அதே உச்சி வரி. அதே நான்கு வரிகள், எழுத்துக்கு எழுத்து. ஆறாம் படுக்கைக்காரர் முந்தைய மாதமே இறந்துபோயிருந்தார். அங்கே விரிப்பை மடித்து வைத்திருந்தார்கள்.

ரகுநந்தனும் திரையைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனான். நான் அவனை ஒரு முறை முறைத்தேன்.

டம்ப்பில் இல்லாததைப் படிக்காதே என்று எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். என்னிடம் வேலை கற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

“இருக்காங்கண்ணே,” என்றேன். “நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. இத்தனை நாள் ஆச்சு இல்லையா, வார்த்தை வர நேரமாகும். நீங்க பேசிக்கிட்டே இருங்க.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கும்பிட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “செலின், கேஸை அணைச்சிட்டுதான் வந்தேன்,” என்று ஆரம்பித்தார்.

இப்போதும் நாள் தவறாமல் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுகிறார். ஆஸ்பத்திரி இயந்திரத்தை என் லேப்டாப்பிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னால் பேசியபோது நான் காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். லேப்டாப் வீட்டில் இருந்தது.

“இன்னைக்கும் வடமலை ஐயா ரெண்டு தரத்தோட நிறுத்திட்டாரும்மா,” என்றார். “மூணாவது சொல்லவே மாட்டேங்கிறாரு. செலின் எப்படி இருக்கா? பாத்தீங்களா?”

“பாத்தேண்ணே. கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

“அப்ப சரிம்மா,” என்றார். “நாளைக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெக்கிறேன்.”